எழுத்து நிற்பதும் மறைவதும்: ஊற்றுப் பேனா மைகளின் நிறமும் குணமும்

மை வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, "என்னென்ன நிறம் இருக்கிறது?" என்பதே. "என்ன குணம்?" என்று கேட்பார் அரியர். சேலை வாங்கும்போது சாயம் போகுமா என்று கேட்கத் தவறாத நாம், மை வாங்கும்போது மட்டும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். சேலை ஐந்தாண்டு உழைத்தால் போதும். நாம் எழுதி வைத்த எழுத்தோ நமக்குப் பின்னும் நிற்க வேண்டியது. ஆகவே, மையின் நிறத்தோடு அதன் குணத்தையும் அறிந்துகொள்வது எழுதுவோர் யாவர்க்கும், குறிப்பாகத் தமிழாசிரியர்க்கு, கடமையாகும்.

இக்காலத்தில் ஊற்றுப் பேனாவுக்கு மீண்டும் மதிப்புப் பிறந்திருக்கிறது. இளைஞர்கள் பல நிற மைகளைத் தேடி வாங்குகின்றனர். இது மகிழத் தக்கதே. ஆயினும், நாட்குறிப்பும், சங்கக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பும், பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதமும் எந்த மையில் எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தே அவை பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். நடுக்கோட்டை அடுத்த நாடாதலால் வெயிலுக்கும் குறைவில்லை. ஈரமும் ஒளியும் மைக்கு இரு பெரும் பகைகள். அவ்விரண்டும் ஒருங்கே வாழும் ஊரில் இருந்துகொண்டு மையின் குணத்தை அறியாமல் எழுதுவது, கரையான் உள்ள வீட்டில் ஏட்டைத் தரையில் வைப்பது போன்றது.

மை என்பது யாது?

ஊற்றுப் பேனா மையில் பெரும்பங்கு நீரே. அதில் கரைந்துள்ள சாயம் நிறத்தைத் தருகிறது. பேனாவின் முனை விரைவில் உலர்ந்துவிடாதிருக்கக் கிளிசரின் போன்ற ஈரங்காக்கும் பொருளைச் சிறிது சேர்ப்பர். நீர் தாளில் இலகுவாகப் பற்றி ஓடுவதற்குச் சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் ஒரு துளி சேரும். பூஞ்சணம் பிடிக்காதிருக்க நச்சுக்கொல்லி ஒன்றும் இருக்கும். பழைய மைப் புட்டிகளைத் திறந்தவுடன் மருத்துவமனை வாடை வீசியதற்குக் காரணம், அவற்றில் கலந்த கார்பாலிக் அமிலமே.

நம் முன்னோர் பயன்படுத்திய மை இவ்வகையைச் சேர்ந்ததன்று. ஓலையில் எழுத்தாணியால் கீறிய பிறகு, விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துத் தடவித் துடைப்பர். கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்து விளங்கித் தோன்றும். கரி என்பது ஒளியால் வெளுக்காது, நீரில் கரையாது, அமிலமும் காரமும் அதை எளிதில் மாற்றமாட்டா. ஆகையால், ஓலை செல்லரித்து உதிர்ந்தாலும் எஞ்சிய துண்டில் எழுத்து கருப்பாகவே இருக்கும். ஓலைக்குத்தான் அழிவு, மைக்கு அழிவில்லை.

அப்படியாயின் கரி மையையே பேனாவிலும் ஊற்றலாமே என்று கேட்கலாம். கரி நீரில் கரையாது. மிதந்துகொண்டு மட்டும் இருக்கும். சித்திரக்காரர் பயன்படுத்தும் 'இந்திய மை'யில் கரித்தூளோடு அரக்கும் சேர்ந்திருக்கும். அதைப் பேனாவில் ஊற்றினால், மயிர்க்கால் அளவான துளைகளில் அது காய்ந்து கல்லாகிவிடும். பிறகு பேனா திரும்ப எழுதாது. ஊற்றுப் பேனாவுக்கு வேண்டியது நீரில் முழுதும் கரைந்த மை. ஆனால் நீரில் கரைவது நீரிலேயே போய்விடுமே! இந்த முரண்பாட்டைத் தீர்க்க மனிதன் கண்ட வழிதான் இரும்பு மை.

மாசிக்காயும் அன்னபேதியும்

நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் நறுக்குங்கள். சிறிது நேரத்தில் காயும் அலகும் கருநீலமாக மாறும். நெல்லியில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடியதால் விளைந்த நிறம் அது. அந்தத் துவர்ப்புச் சத்துக்கு டானின் என்று பெயர். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அரசாணைகளையும் நூல்களையும் எழுதிய மை, நம் அடுக்களையில் நிகழும் இதே செயலால் ஆனதுதான்.

அந்த மைக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று மாசிக்காய், மற்றொன்று அன்னபேதி. மாசிக்காய் என்று பெயர் இருந்தாலும் அது காயன்று. ஒருவகைக் கருவாலி மரக்கிளையில் சிறு குளவி முட்டையிடுவதால் மரம் அந்த இடத்தில் புடைத்துத் திரண்டு உண்டாக்கும் முடிச்சு அது. மேற்காசியாவிலிருந்து வரும் இப்பொருளை நம் பாட்டிமார் கைமருந்துக்கு வைத்திருந்தனர். மலாய்க்காரர் இதனை 'மஞ்சகானி' என்பர். சிராங்கூன் சாலை வட்டாரத்து நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். அங்கே மருந்தாக இருப்பது ஐரோப்பியரின் எழுதுமைக்கு மூலப்பொருளாய் இருந்தது என்பது எத்துணை வியப்பு! நம் நாட்டுக் கடுக்காயிலும் இதையொத்த டானின் மிகுதியாக உண்டு. கலம்காரித் துணியில் கருநிறம் எழுதுவோர் கடுக்காயையும் இரும்பையும் கூட்டியே அந்நிறத்தைப் பெறுகின்றனர். அன்னபேதி என்பது இரும்பும் கந்தக அமிலமும் சேர்ந்த பச்சை உப்பு. சித்த மருத்துவர் நன்கறிந்தது.

இவ்விரண்டையும் நீரில் கூட்டினால் முதலில் நிறம் மிக மங்கலாகவே இருக்கும். தாளில் எழுதிய பிறகு காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு சேர, இரும்பின் தன்மை மாறி, நீரில் கரையாத கருநீலப் பொருள் தாளின் நாரிழைகளுக்குள்ளேயே பிறக்கிறது. புட்டியில் இருக்கும்போது கரைந்திருக்கிறது. தாளை அடைந்தபின் கரையாததாகிறது. முன்னே கூறிய முரண்பாடு இவ்வாறு தீர்ந்தது.

ஆயினும் எழுதும்போது எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக நீலச் சாயம் ஒன்றைச் சேர்த்தனர். 1832இல் லண்டனில் மை செய்யத் தொடங்கிய ஹென்றி ஸ்டீவன்ஸ் என்னும் மருத்துவர் இவ்வகை மையால் பெயர் பெற்றார். தொடக்கத்தில் அந்த நீலத்தைத் தந்தது அவுரி. நம் தென்னாட்டில் விளைந்து கப்பலேறிய அதே அவுரிதான். எழுதும்போது நீலம், நாள்பட நாள்படக் கருப்பு. 'நீலக்கருப்பு' என்று இன்றும் புட்டிகளின் மேல் அச்சிடும் பெயர், இரு நிறங்களின் கலவையை அன்று, ஒரு நிறம் மற்றொன்றாக மாறும் செயலைக் குறிக்கப் பிறந்தது என்பதை மாணாக்கர்க்கு எடுத்துக் கூறலாம்.

இரும்பு மைக்கும் குறை உண்டு. அதில் அமிலம் மிகுதி. பழைய காலத்தில் அன்னபேதியை அளவுக்கு மீறிச் சேர்த்து எழுதிய ஏடுகளில், எழுத்து இருந்த இடம் அரித்து ஓட்டையாகிப் போனதும் உண்டு. எஃகு நிப்புகளையும் அது அரித்துவிடும். பொன் நிப்புக்கு மதிப்பு ஏற்பட்டதற்கு அழகு மட்டும் காரணமன்று; அமிலம் பொன்னைத் தின்னாது என்பதும் ஒரு காரணமாகும். இக்காலத்து இரும்பு மைகளில் அமிலமும் இரும்பும் குறைத்தே சேர்க்கப்படுகின்றன. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கென்றே 'பதிவாளர் மை' என ஓர் இரும்பு மை நெடுங்காலம் வழங்கி வந்தது.

ஜூரோங் மண்ணும் ஒரு துவர்ப்பும்

இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த ஜூரோங், 1961இல் தொழிற்பேட்டைப் பணி தொடங்குவதற்கு முன் சதுப்பும் தோட்டமுமாக இருந்தது. ரப்பருக்கும் முந்திய பயிர் ஒன்று இங்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் மிளகோடு சேர்த்துப் பயிரிட்ட காம்பியர் கொடியே அது. அதன் இலையைக் காய்ச்சி இறுக்கிய கட்டியை வெற்றிலையோடு சேர்த்து மெல்வர். நாம் காசுக்கட்டி என வழங்கும் பொருளின் ஓர் இனம் அது. தோல் பதனிடவும் சாயம் தோய்க்கவும் அது பெருமளவில் மேல்நாடுகளுக்குச் சென்றது.

காசுக்கட்டியிலும் டானின் உண்டு. ஆனால் அது மாசிக்காயின் டானினுக்கு வேறான இனம். மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றின் டானின் இரும்போடு கூடினால் கருநீலம். காசுக்கட்டி இனத்து டானின் கூடினால் கரும்பச்சை. இரண்டும் நாவுக்குத் துவர்ப்பே. இரும்பு மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. எவ்வளவு சிறு செயலில் எவ்வளவு பெரிய வேறுபாடு விளங்குகிறது பாருங்கள்!

சாய மைகள்

1856இல் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் மலேரியாவுக்கு மருந்து செய்ய முயன்றபோது எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு செய்த சாயம் அது. அதன்பின் செயற்கைச் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவுரி வயல்கள் தரிசாயின. மைப் புட்டிகளில் வானவில் குடிபுகுந்தது. இன்று நாம் வாங்கும் மைகளுள் மிகப் பெரும்பாலானவை இத்தகைய சாய மைகளே. அவற்றின் குணங்களை நிறவாரியாகக் காண்போம்.

நீலம்: பள்ளிப் பிள்ளைகளின் மை. துணியில் பட்டால் துவைத்துப் போக்கலாம் என்பது இதன் சிறப்பு. தாளில் எழுதியதையும் நீர் போக்கிவிடும் என்பது இதன் குறை. ஜெர்மானியப் பள்ளிகளில் மாணாக்கர் 'மையழிப்பான்' கொண்டு பிழையைத் தேய்ப்பர். நீலம் உடனே மறையும். உண்மையில் சாயம் அங்கிருந்து போகவில்லை. சாய மூலக்கூறின் நடுவிலுள்ள கரியணுவோடு அழிப்பானின் சல்பைட் சென்று ஒட்டிக்கொள்வதால் நிறம் தரும் தன்மை அற்றுப்போகிறது. பொருள் உளது; நிறம் இலது. இத்துணை எளிதில் நிறம் இழக்கும் மையில் பதிவேடு எழுதலாமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சிவப்பு: ஆசிரியரின் மை. 1870களில் வந்த இயோசின் என்னும் சாயம் சிவப்பு மைகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. பார்வைக்கு மிக அழகு. ஒளிக்கு மிக எளிது. ஓவியர் வான் கோ இயோசின் கலந்த வண்ணத்தால் தீட்டிய செந்நிறப் பகுதிகள் வெளுத்து மாறிப்போயின என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். மாணவனின் கட்டுரையில் நாம் இட்ட திருத்தக் குறி ஓராண்டு நின்றால் போதும். அதற்குச் சிவப்பு தகும். மதிப்பெண் பதிவேட்டுக்கு அது தகாது.

ஊதா: முன்னாளில் பள்ளிகளில் வினாத்தாள் படியெடுக்கும் கருவியிலிருந்து வந்த ஊதாப் படிகளைக் கண்டோர் பலர் இருப்பர். அந்த ஊதாச் சாயத்தின் வலிமை மிகப் பெரிது; கையில் பட்டால் நாட்கணக்கில் போகாது. ஆனால் வெயிலில் வைத்தால் மங்கிவிடும். வலிமை வேறு, நிலைபேறு வேறு என்பதற்கு இதுவே நல்ல சான்று.

பச்சை: தமிழ்நாட்டில் பச்சை மைக் கையெழுத்து என்றாலே அரசிதழில் பெயர் பெற்ற அதிகாரியின் நினைவு வரும். சான்றிதழ்ப் படிகளில் மெய்யொப்பம் இடுவதற்கு அந்நிறம் வழக்கமாயிற்று. அந்த நிறத்துக்கு மதிப்பைத் தந்தது வழக்கமே. மையின் உறுதி அன்று.

கருப்பு: சாயக் கருப்பு என்பது பெரும்பாலும் ஒரே சாயமன்று, நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பல சாயங்கள் கூடியதாகவும் இருக்கும். அவற்றுள் ஒன்று முன்னே வெளுத்தால் எழுத்து பழுப்பாகவோ பச்சையாகவோ மாறித் தோன்றும்.

பேனாவும் மையும்

1884இல் அமெரிக்கராகிய லூயிஸ் வாட்டர்மன் மை சீராக ஓடும் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதிய காலம் மெல்ல மறைந்தது. 1931இல் பார்க்கர் நிறுவனம் 'குயிங்க்' என்னும் விரைந்துலரும் மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒற்றுத்தாளின் தேவை அதனால் குறைந்தது.

இந்தியாவில் மையும் விடுதலைப் போராட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அந்நியத் துணியை நீக்கியவர்கள் அந்நிய மையால் எழுதுவது பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. காந்தியடிகளின் விருப்பத்திற்கிணங்க, வேதியியல் வல்லுநர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா உள்நாட்டு மை செய்யும் முறையை வகுத்தார். அவ்வழியில் 1934இல் வங்காளத்தில் மைத்ரா உடன்பிறப்புகள் தொடங்கியது 'சுலேகா' மை. 1980களின் இறுதியில் மூடப்பட்ட அந்நிறுவனம் 2006இல் மீண்டும் உயிர் பெற்றது. பம்பாயில் 1931இல் தண்டேகர் குடும்பத்தார் குதிரை முத்திரையுடன் மைத்தூளும் மைவில்லையும் செய்யத் தொடங்கினர். அதுவே பின்னர்க் கேம்லின் ஆயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தோர்க்குப் பிரில், செல்பார்க், கேமல் ஆகிய பெயர்கள் பாடநூல்களைப் போலவே பழக்கமானவை.

இங்கே இன்னொரு மையையும் குறிப்பிட வேண்டும். தேர்தலில் விரலில் இடும் மை, மைசூர் வண்ண ஆலையில் செய்யப்பட்டு 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் இந்தியாவில் வழங்கி வருகிறது. அதில் உள்ள வெள்ளி நைட்ரேட் ஒளிபட்டுக் கருத்துத் தோலில் பதிந்துவிடுகிறது. தோலுக்கு அழியாத மை, பேனாவுக்கு உதவாது. ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு களம் உண்டு.

தமிழெழுத்தும் மையின் ஓட்டமும்

மையின் நிலைபேற்றைக் கண்டோம். இனி அதன் ஒழுக்கத்தைக் காண்போம். சில மைகள் தாளில் பட்டவுடன் நாரிழை வழியே பரவி, எழுத்தின் ஓரம் இறகு போலப் பிரியும். சில மைகள் தாளை ஊடுருவி மறுபக்கத்தில் தெரியும். சில மைகள் உலர நேரம் பிடிக்கும். மையின் ஓட்டமும், நிப்பின் அகலமும், தாளில் பசையூட்டிய அளவும் சேர்ந்தே இவற்றை முடிவு செய்கின்றன. ஆகவே, "மை சரியில்லை" என்று சொல்லுமுன் தாளை மாற்றிப் பாருங்கள்.

தமிழ் எழுதுவோர்க்கு இது தனிக் கவலை. உரோமன் எழுத்தில் வளைவு ஒன்றிரண்டே. நம் எழுத்தில் சுழி மிகுதி. ண, ன இவற்றின் சுழிகளை எண்ணித்தான் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்தறிகிறோம். மை பரவினால் சுழி அடைபட்டு மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றாகத் தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளியோ இன்னும் நுட்பமானது. பரவும் மையில் புள்ளி பெருத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி கெட்டால் ஒலி கெடும். ஒலி கெட்டால் பொருள் கெடும். மனம் மன்னிக்கலாம், மரம் மறம் ஆகாது. எனவே, தமிழுக்கு ஏற்றது மெல்லிய நிப்பும், அடக்கமாக ஓடும் மையுமே. மிக அதிகமாக ஓடும் மை ஆங்கிலத்தில் அழகாக இருந்தாலும் தமிழில் இடறும்.

1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கிய காலத்தில் அச்சுக் கோப்போர் கையெழுத்துப் படிகளைக் கண்ணால் பார்த்தே எழுத்துக் கோத்தனர். அங்கே அடைபட்ட ஒரு சுழி, அச்சில் ஒரு பிழையாகும். எழுத்தின் தெளிவு அக்காலத்தில் பிறர் உழைப்பையும் தொட்டது. இன்று பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தும் கண்ணுக்கும் அத்தெளிவே வேண்டும்.

புதிய மைகள்

இக்காலத்து மைகளில் புதுமைகள் பல. ஜப்பானியப் பைலட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'இரோஷிசுக்கு' மைகள், தம் நாட்டு இயற்கைக் காட்சிகளின் பெயரைத் தாங்கியவை. செய்லர், பிளாட்டினம் போன்ற நிறுவனங்கள் கரித்தூளை மிக நுண்ணியதாக அரைத்து, பேனாத் துளையை அடைக்காத வகையில் கரி மை செய்துள்ளன. ஓலைக்கு உரிய கரி, நெடுங்காலத்திற்குப் பின் ஊற்றுப் பேனாவுக்குள் வந்துவிட்டது! தாளின் நாரிழையோடு பிணைந்துகொள்ளும் சாயங்களும் உள. இவை நீருக்கு அஞ்சா.

மற்றொரு வகை, கண்ணைக் கவரும் மைகள். சாயத்தை மிகச் செறிவாகச் சேர்த்தால், அது தாளின் மேலேயே தங்கிக் காய்ந்து, நீல எழுத்தின்மேல் செம்பொன் பளபளப்புத் தரும். மினுக்குத் தூள் கலந்தவையும் உண்டு. வாழ்த்து மடலுக்கு இவை அழகு. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் செறிந்த சாயம் முழுமையாக உலர்வதில்லை. வாரங்கள் சென்றபின்னும் விரல் பட்டால் இழுபடும். மினுக்குத் தூளோ பேனாவில் தங்கி அடைக்கும். நாட்குறிப்பு எழுத இவை வேண்டா.

வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புட்டியின்மேல் 'நீலக்கருப்பு' என்று இருப்பதால் மட்டும் அதில் இரும்பு இருப்பதாகக் கொள்ளக்கூடாது. பெலிக்கன் 4001, பிளாட்டினம் ஆகியவற்றின் நீலக்கருப்பில் இரும்பு உண்டு. பார்க்கர் குயிங்க் நீலக்கருப்பு சாய மையே. பெயர் பழையது, பொருள் மாறிவிட்டது.

வகுப்பறையில் மூன்று சோதனைகள்

ஆசிரியர் அன்பர்களுக்கு, செலவின்றிச் செய்யத்தக்க மூன்று சோதனைகளைக் கூறுகிறேன். எங்கள் பள்ளி மாணவர்கள் இவற்றை ஆவலோடு செய்கின்றனர்.

முதலாவது, நிறம் பிரித்தல். காப்பி வடிகட்டும் தாளை நீளமாக நறுக்கி, அடியிலிருந்து இரு விரல் உயரத்தில் கருப்பு மையால் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு நனையாதவாறு அடிமுனை மட்டும் நீரில் தோயட்டும். நீர் மேலேற, கருப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் மஞ்சளும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய அறிஞர் மிக்கயில் சுவெத் இலைப் பச்சையத்தைப் பிரித்தறிந்த முறையின் எளிய வடிவம் இது. கரி மை வைத்த பொட்டோ ஏறாது. இருந்த இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, நீரும் வெயிலும். ஒரே தாளில் வெவ்வேறு மைகளால் ஒவ்வொரு வரி எழுதி ஒரு நாள் உலரவிடுங்கள். தாளை மூன்று துண்டாக்குங்கள். ஒன்றை நீரில் ஐந்து நிமிடம் இடுங்கள். ஒன்றைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒரு மாதம் விடுங்கள். ஒன்றை ஏட்டுக்குள் வையுங்கள். பின்னர் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நான் எழுதியதைவிடத் தெளிவாக அத்தாளே பாடம் சொல்லும்.

மூன்றாவது, மை செய்தல். இரும்பு ஆணிகளைக் காடியில் சில நாள் ஊறவையுங்கள். கடுந்தேநீரை ஆறவைத்து, அதில் அந்தக் காடியைச் சில துளி விடுங்கள். தேநீர் உடனே கருக்கும். தொட்டெழுதும் நிப்பால் அல்லது மூங்கில் குச்சியால் இதைக்கொண்டு எழுதலாம். உங்கள் ஊற்றுப் பேனாவில் மட்டும் இதை ஊற்றாதீர்கள்.

செய்யத் தகாதன

ஒரு மையோடு மற்றொரு மையைக் கலக்காதீர்கள். ஒன்று அமிலமும் மற்றொன்று காரமுமாக இருந்தால் சாயம் திரிந்து வண்டலாகும். மை மாற்றுமுன் பேனாவைத் தண்ணீரால் நிறம் வராத வரையில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டா. இரும்பு மையோ கரி மையோ ஊற்றிய பேனாவை எழுதாமல் வாரக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். புட்டியில் பாசியோ இழையோ கண்டால், அந்த மையை இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள். ஒரு பேனாவிலிருந்து மறு பேனாவுக்கு அந்நோய் பரவும்.

எதற்கு எந்த மை?

பயிற்சி ஏட்டுக்குக் கழுவத்தக்க நீலம் போதும். திருத்தத்துக்குச் சிவப்பு. மடலுக்கும் வாழ்த்துக்கும் உங்கள் மனத்துக்குப் பிடித்த நிறம். சான்றிதழ், பதிவேடு, சங்க நடவடிக்கை, நிலமும் பணமும் பற்றிய தாள், குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கு இரும்பு கலந்த நீலக்கருப்பு அல்லது பேனாவுக்கென்று செய்த கரி மை. இவ்வொரு பாகுபாட்டை நினைவில் வைத்தால் போதும்.

ஏற்கெனவே எழுதப்பட்டவற்றுக்கு என்ன செய்வது? பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பழைய கடிதங்கள் இருக்கின்றன. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களுக்கு ஊரிலிருந்து வந்தவை. இங்கிருந்து சென்று திரும்பக் கிடைத்தவை. அவற்றுள் பல கழுவத்தக்க நீல மையில் எழுதப்பட்டவை. அவற்றை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் இட்டு ஒளிபடும் சுவரில் மாட்டாதீர்கள். சூட்டில் ஒட்டும் மெழுகுத்தாள் உறை போடாதீர்கள். போட்டால் பிரிக்க இயலாது. அமிலமற்ற தாளுறையில் இட்டு, இருட்டும் உலர்வுமான இடத்தில் வைத்து, இன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு மையில் எழுதியது வெளுத்துப் பழுப்பாகியிருந்தால் மனந்தளர வேண்டா. அங்கே இரும்பு இன்னும் இருக்கிறது. புற ஊதா ஒளியில் அவ்வெழுத்து மீண்டும் தெளிவாகத் தெரிவதுண்டு. கழுவிப்போன சாய மைக்கு அந்த நல்வாய்ப்பு அரிது.

பெருந்தலைவர்களின் எழுத்தைக் காக்க நூலகங்கள் உள. தொழிலாளியின் கடிதத்தையும், சிற்றூர்ச் சங்கத்தின் கணக்கேட்டையும், ஓர் ஆசிரியரின் பாடக் குறிப்பையும் காக்க அவரவர் வீடே நூலகம். சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதி அச்சேறாதது, கையெழுத்தாகவே கிடப்பது. நாளை அதைத் தேடுவோர்க்கு எழுத்து இருக்க வேண்டுமானால், இன்று எழுதுவோர் மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே, அடுத்த முறை மை வாங்கும்போது நிறத்தைக் கேளுங்கள், அதனோடு, "நீரில் போகுமா? ஒளியில் நிற்குமா?" என்றும் கேளுங்கள். கடைக்காரர் அறியாவிட்டால் கவலை வேண்டா. ஒரு தாளும், ஒரு குவளை நீரும், ஒரு சன்னலும் விடை சொல்லும்.